ஒன்றும் நடக்காத ஐப்பசி

"முப்பத்தெட்டு வயசுல தாவணி," என்றாள் ரோஸ்லின். "உன் வீட்டுக்காரர் ஒருநாளாவது இதைப் பாக்கணும்டி."

"பாத்தா சிரிப்பாரு."

"சிரிக்கட்டுமே. கடைசியா எப்பச் சிரிச்சாரு?"

யாழினி காதிலிருந்த மணியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். வெளியுலகம் அந்த மணிக்குள்தான் பேசும். கழற்றியதும் தலைக்குள் ஓர் இடம் காலியானது. பழைய பச்சை சோப்பில் கையும் முகமும் கழுவினாள். ரோஸ்லின் பெரிய பொட்டை ஒட்டிக்கொண்டு பாக்கியத்தக்கா ஆனாள். முதல் கதவு பின்னால் மூடிய பிறகு இரண்டாவது கதவு திறந்தது.

உள்ளே ஐப்பசி. ஆண்டு 1993. கோயம்புத்தூரில் ஒரு மில்லின் லைன் வீடுகள். எட்டு வீடுகளில் மூன்றுதான் நிஜமாகக் கட்டியவை. மற்றவை குரலும் வெளிச்சமும் மட்டும். மழை சற்றுமுன் விட்டிருந்தது. இந்த வார்டில் மழை எப்போதும் சற்றுமுன்தான் விட்டிருக்கும்.

இவ்வளவும் ஒரு மனிதருக்காக. வேலுச்சாமிக்கு எண்பத்தேழு வயது. அவரைப் பொறுத்தவரை இருபது. மறதி நோய் அவருடைய மற்ற வருடங்களை எல்லாம் அழித்துவிட்டு இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. எஞ்சிய நினைவைப் படமெடுத்து, அதன்படியே வார்டைக் கட்டினார்கள். தெரிந்த இடத்தில் இருந்தால் நோயாளி பயப்படுவதில்லை, அடிப்பதில்லை, அழுவதில்லை. அவர் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்க்கிறார். சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி வலி. அதனால் ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை. அந்த ஒரு வாரம் இரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. வார்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது.

யாழினி அவருடைய தங்கை ஈஸ்வரி.

"வந்துட்டியா அம்மிணி," என்றார் வேலுச்சாமி. "தண்ணி கெடச்சுதா?"

"ரெண்டு கொடந்தாண்ணா. பாக்கியத்தக்கா நாலு கொடத்தோட முன்னாடி நின்னுக்கிச்சு."

"அடியே, நீங்க மூணு பேரு, நாங்க அஞ்சு பேரு," என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. "கணக்குப் பாத்துப் பேசச் சொல்லுங்க உங்க தங்கச்சிய."

"அஞ்சு பேருதானுங்க்கா. ஆனா குளிக்கறது ஒருத்தருதான்."

ரோஸ்லின் தட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பது கேட்டது. அது நடிப்பில்லை.

"அம்மா எங்க?" என்றார் அவர்.

"சீமெண்ணெய் வாங்கப் போயிருக்குது. வரிசை பெருசாம்."

அம்மாவைக் கட்ட முடியவில்லை. அவருடைய நினைவில் அம்மாவின் முகம் அத்தனை தெளிவாக இருந்தது. யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் நீங்கள் யார் என்று கேட்டுவிடுவார் என்றார்கள். தங்கையின் முகம் மங்கல். அதில் யாழினி பொருந்தினாள். ஆகவே அம்மா இரண்டு வருடமாக ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள்.

ஆறரைக்குக் கரண்ட் போனது. எட்டு வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் 'ஓ'வென்று குரல் எழுந்தது. யாழினி நாள் முழுக்க இதற்குத்தான் காத்திருப்பாள். கயிற்றுக் கட்டிலைச் சந்தில் இழுத்துப் போட்டாள். பாக்கியத்தக்கா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். யாருக்கு என்ன நிறத்தில் தீபாவளித் துணி என்று பேச்சு. கடைசி வீட்டுப் பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளைக்கு மீசை சரியில்லை என்று பேச்சு. எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. யாரும் யாரையும் பார்க்க முடியவில்லை. எல்லாரும் இருந்தார்கள்.

ஏக்கமாக இருந்தது. தினமும் இருந்தது. வெளியூர் போனவர்களுக்கு வீட்டு நினைப்பு வருமே, அந்த மாதிரி. அவள் பிறந்தது 2022-இல். இந்த லைன் வீடுகளை இடித்துப் பல வருடம் கழித்து. ஆனாலும் இது தனக்கு வர வேண்டியிருந்தது, வழியில் கை மாறிப் போய்விட்டது என்றே தோன்றியது.

வெளியே வரும்போது கதவருகே சுவர் வழக்கமான கேள்வியைக் கேட்டது. வார்டுக்குள் பேசுவதை அது கேட்பதில்லை.

"நோயாளியிடம் மாற்றம் உண்டா?"

"இல்லை," என்றாள் யாழினி.

அது பொய்.

ஒரு மாதத்துக்கு முன் ஒரு பிற்பகலில் வேலுச்சாமி கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார். பாதித் தூக்கத்தில், "கீர்த்தனா சாப்ட்டாளா?" என்றார். கீர்த்தனா அவருடைய மகள். 1993-இல் அப்படி ஒருத்தி கிடையாது. உள்ளே இருக்கும்போது அந்தக் காலத்தை உடைக்கக் கூடாது என்பது விதி. நோயாளி என்ன சொன்னாலும் ஈஸ்வரியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் சுவரிடம் சொல்லிவிட வேண்டும். விதிப்படி, "யாருண்ணா அது?" என்று கேட்டாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "யாரோ," என்றார்.

விதியின் மறுபாதியை அவள் செய்யவில்லை. அன்றும் இல்லை என்றுதான் சொன்னாள். அதன்பின் ஒருநாள் அவர் குழாயடியில் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொல்லவில்லை.

அவர் நினைவு திரும்பி எழுந்துவிட்டால் ஐப்பசி போய்விடும். கட்டியதைக் கலைத்துவிட்டு வேறொருவரின் வருடத்தைக் கட்டுவார்கள்.

கீர்த்தனா சனிக்கிழமைகளில் வருவாள். வார்டின் சுவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி உண்டு. அங்கிருந்து பார்க்கலாம், உள்ளிருந்து தெரியாது. பார்த்துவிட்டுக் கேன்டீனில் யாழினிக்காகக் காத்திருப்பாள். ஐம்பத்தேழு வயது. "எங்கப்பாவுக்கு நான் அக்கா மாதிரி இருக்கேன்," என்று அவளே கேலி செய்துகொள்வாள். பேசும்போது இடையிடையே இருமுவாள்.

"ஈஸ்வரி அத்தைகிட்ட நேத்துப் பேசுனேன்," என்றாள் கீர்த்தனா. "மெல்போர்ன்ல ஒரே வெயிலாம். 'எங்கண்ணன் இன்னும் அந்த லைன் வீட்டுலயா உக்காந்திருக்கான்'னு கேட்டுச்சு. 'அதை இடிச்சாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு நான் பாயசம் வச்சேன்டி, மறுபடி கட்டி வச்சிருக்கீங்களே'ன்னு ஒரே திட்டு."

யாழினிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த ஈஸ்வரிக்கு அந்த வீட்டின் அருமை தெரியவில்லை என்று நினைத்தாள். எந்த உரிமையில் அப்படி நினைக்கிறோம் என்று பிறகு யோசித்தாள். யோசித்தும் கோபம் போகவில்லை.

"ஊசி எல்லாம் போட்டு முடிச்சாச்சு," என்றாள் கீர்த்தனா. "அறுந்த நரம்பெல்லாம் சேந்துடுச்சுங்கறாங்க. பின்ன ஏன் அவர் எந்திரிக்க மாட்டேங்குறாரு?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரோடு போட்டாச்சுங்கறார். அதுல அவர் நடக்கறாரான்னு ஸ்கேன் சொல்லாதாம். கூடவே இருக்கறவங்கதான் சொல்லணுமாம். உங்களைத்தான் சொல்றார்." இருமினாள். "நானே உள்ள போயிரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டார். இருவது வயசுப் பையன் முன்னாடி ஒரு கெழவி வந்து நின்னு அப்பான்னா என்ன ஆகும்? இன்னொரு வார்டுல அப்படித்தான் அவசரப்பட்டு, அந்தாளுக்குப் பேச்சே நின்னுபோச்சாம்."

"உங்கப்பா நெஞ்சு எப்படி இருக்காம்?"

"இந்தக் குளிரைத் தாண்டுனாப் பாக்கலாம்ங்கறார்."

கீர்த்தனா ஒரு டீயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குப் பெருசா ஆசையெல்லாம் இல்லீங்க," என்றாள் கீர்த்தனா. "என் பேரை ஒருதடவை சொல்லிட்டாப் போதும்."

யாழினி டீயை ஒரே மடக்கில் குடித்தாள். நாக்கு சுட்டது.

ஞாயிறு அவளுக்கு விடுமுறை. வெயிலுக்காக அடைத்த வீடு; சன்னல்கள் திறக்காது. ஆறரைக்கு அவள் விளக்குகளை அணைத்துவிட்டுக் கூடத்தின் தரையில் உட்கார்ந்தாள்.

அறையிலிருந்து கணவன் சரண் வந்தான். "என்னாச்சு, கோளாறா?"

"இல்ல. சும்மா. சித்த நேரம் இருட்டுல உக்காரலாம்னு."

"சித்த நேரமா? பேச்சே மாறிடுச்சு உனக்கு." அவள் சென்னையில் பிறந்தவள். கோவைப் பேச்சு பயிற்சியில் கற்றது. "உக்காந்து?"

"பேசலாம்."

அவன் உட்கார்ந்தான். உண்மையாகவே காத்திருந்தான். "சரி, சொல்லு."

அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. லைன் வீட்டில் யாரும் யாரையும் சொல்லு என்று கேட்பதில்லை. மகன் ஆதிரனைக் கூப்பிட்டாள். அவன் அறைக்கதவின் அடியில் நீல வெளிச்சம் இருந்தது, அது அசையவில்லை. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று எல்லா விளக்குகளும் எரிந்தன.

"தரையில் இருவர் அசையாமல் இருப்பதாகத் தெரிகிறது," என்றது வீடு. "யாருக்காவது உதவி தேவையா?"

சரண் சிரித்துவிட்டான். ரோஸ்லினிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். பிறகு அவன் சிரிப்பு நின்றது.

"அந்த லைன் வீட்டுல இருந்தவங்கள்ல பாதிப் பேர் இப்ப உயிரோட இல்ல யாழினி."

"தெரியும்."

"நீ அங்க இருந்ததே இல்ல."

"தெரியும்."

"பின்ன?"

தெரிவதால் குறைகிற ஏக்கமாக இருந்தால் எப்போதோ குறைந்திருக்கும்.

திங்களன்று டாக்டர் ஜெரால்டு கூப்பிட்டனுப்பினார். அவர் முகத்தில் தூக்கம் இல்லை.

"யாரையும் ஒரு வார்டுல ஒரு வருஷத்துக்கு மேல நாங்க விடறதில்லம்மா. உங்களுக்கு ரெண்டு தடவை நீட்டிச்சிருக்கேன். ஒட்டிக்குமோன்னு பயந்துட்டேதான் நீட்டிச்சேன்."

"அவருக்கா சார்?"

"உங்களுக்கு."

அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மறைக்காமச் சொல்லுங்க. அவர் முழிக்கற மாதிரி ஏதாவது தெரியுதா? ஒரு வார்த்தை, ஒரு பார்வை? நீங்க சொன்னா இன்னைக்கே கதவைத் திறந்துடுவேன். அவருக்கு நாள் அதிகம் இல்ல."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சந்தும், கட்டிலும், இருட்டில் முறம் விசிறும் சத்தமும் நினைவுக்கு வந்தன.

"ஒண்ணும் தெரியலை சார்," என்றாள்.

அன்று ரோஸ்லினுக்குக் காய்ச்சல், வரவில்லை. பக்கத்து வீட்டில் பதிவுசெய்த குரல்கள்தான் ஓடின. யாழினி தண்ணீர் எடுத்தாள். அரிசி களைந்தாள். அம்மா சீமெண்ணெய்க்குப் போயிருக்கிறது என்றாள். வேலுச்சாமி அதிகம் பேசவில்லை. ஆறரைக்குக் கரண்ட் போனது. கட்டிலை வெளியே போட்டாள். அவர் ஒரு நுனியில் உட்கார்ந்தார், அவள் மறு நுனியில்.

"உன் பேரென்ன அம்மிணி?" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். "என்னண்ணா கேள்வி. ஈஸ்வரிதான்."

"அது என்ற தங்கச்சி. மெல்போர்ன்ல இருக்குது. நான் கேட்டது உன் பேரு."

எங்கோ அந்தக் குழந்தை சிரித்தது. அது தினமும் அதே இடத்தில், அதே மாதிரி சிரிக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாழினி."

"யாழினி," என்று அவர் சொல்லிப் பார்த்தார். "எந்த ஊரு?"

"மெட்ராஸ். எப்ப இருந்துங்க உங்களுக்கு..." அவள் வாயில் மரியாதை தானாக வந்தது. இரண்டு வருடமாக அண்ணா, வா, போ என்று பேசிய வாய்.

"ஒரு மாசம் இருக்கும். மொதல்ல கனவாட்டத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் தூக்கத்துல கீர்த்தனான்னு சொன்னேன். நீ யாருண்ணா அதுன்னு கேட்ட. அதுல முழிச்சேன் பாரு, அதுதான் முழிப்பு. என்ற புள்ளைய யாருங்கறாளே இவ, இவ யாருன்னு பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"யாருகிட்டச் சொல்றது? எங்க இருக்கேன்னே தெரியலை. செத்துட்டேன் போலன்னுகூட நெனச்சேன். ரெண்டு நாள் கழிச்சு, நான் தூங்கறேன்னு நெனச்சுட்டு அந்தப் பாக்கியத்தக்கா உன்கிட்ட, டாக்டர் கூப்பிட்டாருடின்னு சொல்லுச்சு. சரி, ஆசுபத்திரின்னு புரிஞ்சுக்கிட்டேன்." அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். "உன்கிட்டச் சொல்லத்தான் தெனமும் பாப்பேன். நீ கொடத்தைத் தூக்கிட்டு அப்படிச் சிரிச்சுக்கிட்டு வருவ. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுருவேன்."

"எனக்காகவா இங்க இருந்தீங்க?"

"பின்ன? எனக்கு என்ன இருக்குது இங்க? காலைல கக்கூசுக்கு வரிசை நிப்போம். எட்டு வீட்டுக்கு ரெண்டு. ஐப்பசி மழைல அது ரொம்பி இந்தச் சந்து பூரா ஓடும். அதை இவுங்க கட்டவே இல்லை பாத்தியா."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகிறோம் என்பது தெரிந்தது. இருட்டு வசதியாக இருந்தது.

"அப்புறம் ஏன் இந்த வருசத்துக்கே வந்தீங்க? மனசு புடிச்ச எடத்துக்குத்தான் போகும்னு சொன்னாங்க."

அவர் யோசித்தார். "அந்த ஆடில எங்கப்பன் செத்துச்சு. தை பொறந்ததும் மில்லை மூடிட்டானுக. நடுவுல இந்த ஐப்பசில ஒண்ணும் நடக்கலை. அதனாலதான் போல."

மழை சற்றுமுன் விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் கேட்டது.

"எனக்கு இது வேணுங்க," என்றாள் யாழினி.

"எது?"

"இந்த இருட்டு."

"வெளிய இருட்டே இல்லியா இப்பெல்லாம்?"

"இருக்குதுங்க. ஆளுக்கொரு இருட்டு."

அவர் ஆறுதலாக எதையும் சொல்ல முயலவில்லை. "நான் போகோணும் யாழினி," என்றார். "கீர்த்தனா பக்கத்துலதான் எங்கியோ வந்து நிக்கறா. சில நாள் அந்தச் செவுத்துக்கு அக்கட்டால அவ இருமற சத்தம் கேக்குது. சின்ன வயசுலருந்து அந்த இருமல். கேக்கறப்ப எந்திரிச்சுக் கூப்பிட்டுரலாம்னு இருக்கும்."

"கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டா உன்னையத்தானே கேப்பாங்க? கூடவே இருந்தியே, ஏன் சொல்லலைன்னு. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். கொழாயடில நீ என்னைப் பாத்தது எனக்குத் தெரியும். அதான், நீயே சொல்லட்டும்னு இருந்தேன்."

"ஒரு மாசமா?"

"ஒரு மாசந்தானே."

அவர் நெஞ்சைப் பற்றி டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு சனிக்கிழமைகள் ஒருத்தி இருமிக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். நடுவில் தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போய்வந்திருக்கிறோம் என்று யாழினி நினைத்தாள்.

எழுந்தாள். வீட்டுக்குள் முருகன் படத்துக்குப் பின்னால் அழைப்புப் பொத்தான் இருந்தது. வாசலில் நின்றாள்.

"கரண்ட் வர்ற வரைக்கும் இருக்கட்டுங்களா?"

"இரு," என்றார் வேலுச்சாமி. "வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக் குரல் யாருக்கோ தீபாவளித் துணியின் நிறத்தைச் சொன்னது. கேட்க வேண்டியவை எத்தனையோ இருந்தன. மில் மூடிய பிறகு எங்கே போனீர்கள், ஈஸ்வரி எப்படி அவ்வளவு தூரம் போனாள், அம்மா எந்த வருடம் இறந்தாள். அவள் எதையும் கேட்கவில்லை. அந்த ஐப்பசியில் அவை எதுவும் நடந்திருக்கவில்லை.

கரண்ட் வந்தது. எட்டு வீடுகளும் 'ஓ'வென்று கூவின. குண்டு பல்பின் வெளிச்சத்தில் மறு நுனியில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் அவரைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

சுவர் விலகியது. பின்னாலிருந்து வெள்ளை வெளிச்சம் வந்தது. டாக்டரும் செவிலியரும் வந்தார்கள். அரைமணி நேரத்தில் கீர்த்தனாவும் வந்துவிட்டாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. வாசலில் அப்படியே நின்றாள். கூப்பிடப் பயந்தாள்.

"கீர்த்தனா," என்றார் வேலுச்சாமி. "என்ன கண்ணு, இப்படி நரைச்சுப்போச்சு உனக்கு?"

அவள் ஏதோ சொல்லப் போனாள். இருமல்தான் வந்தது. அவர் கையை நீட்டி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

போகும்முன் கீர்த்தனா யாழினியைக் கட்டிக்கொண்டாள். "உங்களாலதாங்க," என்றாள். "நீங்க பொறுமையாப் பாத்துச் சொன்னதாலதான்." யாழினி அவள் தோளுக்கு மேலாக வேலுச்சாமியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சக்கர நாற்காலியை யாரோ திருப்பினார்கள்.

அவர் அந்தக் குளிரைத் தாண்டவில்லை. மாசியில் ரோஸ்லின்தான் வந்து சொன்னாள். "மூணு மாசம் மகளோட நல்லா இருந்தாராம்டி. தினமும் ரெண்டு பேரும் சண்டையாம், டீயில சர்க்கரை போடறதுக்கு."

மூன்று மாதம். நான்காக இருந்திருக்க வேண்டும். அது யாழினிக்கு மட்டும் தெரிந்த கணக்கு. ரோஸ்லினிடம் அவள் சொல்லவில்லை.

அதற்குள் லைன் வீடுகளைக் கலைத்திருந்தார்கள். செங்கல் என்று அவள் தினமும் சாய்ந்த சுவர் பஞ்சுபோல ஏதோ ஒன்று. ஒரே நாளில் மடித்து எடுத்துப் போனார்கள். அந்த இடத்தில் புதிதாக ஒரு வார்டு எழுந்தது. நோயாளி இன்னும் வரவில்லை. கட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபைசல் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, இது 2031. சென்னை. உங்களுக்கு அப்ப எட்டு, ஒம்பது வயசு இருக்கும்ல? சும்மா ஒருதடவை நடந்து பாருங்க. எங்க தப்பா இருக்குன்னு சொல்லுங்க."

அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். அடுக்குமாடியில் ஒரு சிறிய வீடு. மூலையில் தண்ணீர் கேன். சோபாவின் கைப்பிடியில் சார்ஜர் வயர்கள் சிக்கிக் கிடந்தன. துணி காயப்போடும் ஸ்டாண்டில் பள்ளிச் சீருடை. வாசலருகே அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகள், அவற்றில் கிழிக்காத முகவரிச் சீட்டுகள். எல்லாம் சரியாக இருந்தன. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைக்குள் நுழைந்தது போல இருந்தது.

இந்த வார்டுக்கு மகளாக நடிக்கப்போகிற மகிழ் என்ற பெண் சன்னலருகில் நின்றிருந்தாள். இருபத்து மூன்று வயது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"அக்கா, அப்பல்லாம் இப்படியா பெய்யும்? நாள் பூரா?"

"அந்த வருஷம் நாலு நாள் பெஞ்சுது," என்றாள் யாழினி. "நாங்க கீழ் வீடு. கட்டில் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டு வெளிய வந்தாரு. மிச்சம் எல்லாம் போச்சு."

"ஐயோ," என்றாள் மகிழ். நிஜமாகவே வருந்தினாள். ஆனால் கண் சன்னலை விட்டு நகரவில்லை. "இருந்தாலும் அழகா இருக்குல்லக்கா?"

தனக்கு வர வேண்டியது கை மாறிப் போனதாக ஏங்குகிறவளின் குரல். அந்தக் குரலை யாழினிக்குத் தெரியும். மாடிப்படியில் மிதந்த செருப்புகளைப் பற்றி, சாக்கடை நாற்றத்தைப் பற்றி, அம்மா தாலிச் செயினைத் தேடித் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவியதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள்.

"ஏதாவது தப்பா இருக்காக்கா?" என்று வெளியிலிருந்து ஃபைசல் கேட்டான்.

"இல்ல," என்றாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

மகிழ் சற்று நகர்ந்து இடம் விட்டாள். யாழினி போய் அவள் பக்கத்தில் நின்றாள். எதிர்க் கட்டடத்தின் மேல், மரத்தின் மேல், நிறுத்தி வைத்திருந்த வண்டிகளின் மேல் மழை சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த நாலு நாளில் அவள் மழையைப் பார்த்திருக்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எந்தப் படி வரைக்கும் ஏறியிருக்கிறது என்று.